வ. எமில், ஊர் அங்கேரி

கோல சிலாங்கூர்
12 மார்ச் 2024

அன்பு மகள் கிளாரிஸ்ஸாவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேலாகிறது. நீளமான கவர், வெளிநாட்டு முத்திரை, கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய பதிவுத் தபால். கோர்ட் சம்மன் என்று நினைத்து அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டேன். என்னிடம் டிரைவிங் படிக்கும் ஒரு பெண் சுங்கை பெசார் ரோட்டில் காரை நெல் வயலுக்குள் இறக்கிவிட்டாள். அந்த வயல்காரர்தான் வழக்குப் போட்டுவிட்டார் என்று பயம். உன் அம்மா அரிசி எடுக்கப் போய்க் கவரைக் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, சொந்த மக எழுதுனத எலிக்கா போட்டு வெச்சிருக்கீங்க?"

இரண்டு வருடமாக அம்மாவுக்கு மட்டும் போன் செய்து, "அப்பா நல்லா இருக்காங்களா" என்று கேட்டு வைத்துவிடுகிற பிள்ளை எனக்கென்று எழுதியிருக்கிறாய். நான் அதை எலிக்குப் போட்டிருக்கிறேன். என்னைப் பற்றி நீ நினைப்பதெல்லாம் சரிதான்.

உன் ஆராய்ச்சியைப் பற்றி மூன்று முறை படித்தேன். வடாஸ் எமில் என்ற ஹங்கேரிக்காரர், பியானோ வாசிப்பவர், பாட்டு அமைப்பவர், யுத்தத்துக்குப் பிறகு நம் கோல சிலாங்கூருக்கு வந்து காணாமல் போனார் என்கிறாய். "வடையா?" என்றாள் உன் அம்மா. ஊரில் யாராவது அவரைப் பார்த்ததுண்டா என்று கேட்கிறாய். வாட்சாப் குரல் ஆதாரமாகாதாம், கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போடுகிறேன்.

நான் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு படித்த வருடம், 1976. நம் கோயில் மண்டபத்தில், நீ படித்த அதே பழைய பியானோவில். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்குச் சீக்கிரம் போய்விட்டேன். ஒரு வெள்ளைக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு கட்டையை அமுக்கினார். பிறகு கண்ணை மூடி, பியானோவின் மரத்தில் காதை வைத்து, அந்தச் சத்தம் அடங்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த கட்டை, மறுபடியும் அதே மாதிரி. அவ்வளவு கவனமாக ஒரு மனிதன் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் கிட்டே கூப்பிட்டு, என் விரலைப் பிடித்து ஒரு கட்டையின் மேல் வைத்து, "எடுக்காத, அமுக்கியே வெச்சிரு" என்றார். பிறகு உபதேசியார் வந்து என்னை விரட்டிவிட்டார்.

இது போதுமா? பல்கலைக்கழகத்துக்கு இதெல்லாம் பிரயோசனப்படுமா என்று தெரியவில்லை. குளிருக்குத் தலையை மூடிக்கொள்.

இப்படிக்கு
உன் அப்பா
ஆர்தர்


புடாபெஸ்ட்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை டிராமில் நின்றுகொண்டு படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அப்பா, இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியாது. எமில் 1939-இல் இங்கிருந்து தப்பி ஓடியவர். யூதக் குடும்பம். மலாயாவில் துரைமார்களின் கிளப்பில் பியானோ வாசித்தார் என்று தெரியும். கடைசியாக 1951-இல் பியானோவுக்கு ஒரு சின்ன இசை உருப்படியை எழுதி, இங்கே தப்பிப் பிழைத்திருந்த தங்கைக்குத் தபாலில் அனுப்பினார். ஆவணக் காப்பகத்தில் அந்தக் கவரை எடுத்தபோது, தபால் முத்திரையில் நம் ஊர்ப் பெயர் இருந்தது. அன்றைக்குத்தான் இவரைப் பற்றி எழுதுவது என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கே போனார், எப்போது இறந்தார், யாருக்கும் தெரியாது. ஐரோப்பியர் கல்லறைப் பட்டியலில் எல்லாம் தேடிவிட்டேன், கோலாலம்பூர் தொடங்கிப் பினாங்கு வரை. இல்லை. 1976-இல் உயிரோடு இருந்தார் என்றால் இன்னும் கால் நூற்றாண்டு வாசித்திருக்கிறார், எழுதியிருக்கிறார்.

ஒரு சின்னத் திருத்தம். வடாஸ் குடும்பப் பெயர், எமில்தான் அவர் பெயர். இங்கே குடும்பப் பெயரை முன்னால் போடுவார்கள், நம் இனிஷியல் மாதிரி. வடையும் இல்லை, 'வொடொஷ்' என்று சொல்ல வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு கேள்வி. அந்த உருப்படியின் தலைப்பு 'அபானாக்'. அதைப் பற்றி ஊரில் யாராவது பேசியிருக்கிறார்களா? அதில் இடது கைக்கு ஒரு விநோதமான தாளம் வருகிறது. இங்கே யாருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. 1976-க்குப் பிறகு அவர் ஏதாவது எழுதினாரா?

கடிதத்திலேயே தொடர்வோம் அப்பா. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுவிடுவோம்.

அன்புடன்
கிளாரி


கோல சிலாங்கூர்
2 மே 2024

என் செல்ல மகளுக்கு,

'கிளாரி' என்று கையெழுத்துப் போட்டிருந்தாய். நீ என்னிடம் அந்தப் பெயரோடு வந்து எத்தனை காலமாயிற்று. உன் அம்மாவிடம் காட்டினேன். "தெரியுது, தெரியுது, மூஞ்சியத் தொடைங்க" என்றாள்.

உன் கேள்விகளுக்கு வருகிறேன். 'அபானாக்' என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது மலாய் லா. அபா நாக், என்ன வேணும்? இந்தக் கதை ஊரில் பழைய ஆட்கள் சொல்வதுதான். எமில் தோட்டத் துரையின் பங்களாவில் வாசிக்கும்போது தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு நிற்பார்களாம். அவர் திரும்பி "அபா நாக்?" என்பாராம். பிள்ளைகள் ஓடிவிடுவார்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வருவார்கள். மறுபடியும் "அபா நாக்?" அதைத்தான் பாட்டாகப் போட்டுவிட்டார்.

இடது கைத் தாளம் எனக்குத் தெரிந்து பால் வாளிச் சத்தம்தான். ரப்பர் பால்மரம் வெட்டுகிறவர்கள் பாலை நிறுத்து முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துத் தட்டுவார்களே, ஒரு பெரிய தட்டு, இரண்டு சின்னத் தட்டு. அதுதான்.

1976-க்குப் பிறகும் எழுதினார். தோட்டத்துப் பெண்களுக்காக ஒரு பெரிய உருப்படி, மூன்று பாகம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பியானோவை லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து வாசித்தார் என்று கேள்வி. எழுதிய தாளெல்லாம் வெள்ளத்தில் போய்விட்டதாம். இங்கேதான் உனக்குத் தெரியுமே, மழை கொஞ்சம் ஓங்கினால் ஆறு சமையலறைக்கு வந்துவிடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இவ்ளோ கத உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊர்ல பேசிக்கிட்டாங்க."

"எந்த ஊர்ல? நானும் இங்கதானே பொறந்தேன்."

"நீ பொம்பளைங்களோட பேசுவ. இது ஆம்பளைங்க பேச்சு."

"ஆமா லா, ஆம்பளைங்க பேச்சு எப்பயும் வெள்ளத்துல போயிடும்."

அவளை விடு. இன்னும் என்ன வேண்டுமானாலும் கேள். நீளமாகக் கேள்.

உன் அன்பு அப்பா
ஆர்தர்


புடாபெஸ்ட்
18 ஜூன் 2024

என் அப்பாவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். என் பேராசிரியர் உங்கள் கடிதத்தின் மொழிபெயர்ப்பை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். அவர் அப்படிச் செய்தால் சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

'அபானாக்' ஹங்கேரி மொழியில் ஒரே சொல். 'அப்பாவுக்கு' என்று அர்த்தம். இங்கே அப்பாவை 'அபா' என்றுதான் சொல்வார்கள், சரியாக நம்மைப் போல. எமிலின் அப்பா நாஜி முகாமில் இறந்துபோனவர். அதனால் இத்தனை வருடமும் எல்லோரும் அதை ஓர் அஞ்சலி என்று மட்டும் நினைத்தார்கள். உங்கள் கதை வந்ததும் பேராசிரியர் சொல்கிறார்: அவர் வேண்டுமென்றே இரண்டு மொழியிலும் விளையாடியிருக்கிறார். இறந்துபோன அப்பாவைப் பார்த்து 'என்ன வேண்டும்' என்று கேட்கிறார். அப்பா, இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மிவிட்டது.

காதை மரத்தில் வைத்துக் கேட்டார் என்று எழுதியிருந்தீர்களே, வயதான காலத்தில் காது மந்தமாகியிருக்கிறது என்று அதற்கு ஒரு பத்தி. வாளித் தாளத்துக்கு ஒரு பத்தி. 'எமிலின் பிற்காலம்' என்று ஒரு முழு அத்தியாயமே வந்துவிட்டது. அக்டோபரில் மாநாட்டில் வாசிக்கிறேன். அடிக்குறிப்பில் உங்கள் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது.

ஏர்போர்ட்டில் எல்லோர் முன்னாலும் "பியானோ வாசிச்சா கல்யாண வீட்டுலதான் சாப்பாடு" என்று சொன்னீர்கள். அதை ரொம்ப நாள் வைத்திருந்தேன். இப்போது இறக்கி வைத்துவிட்டேன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

உங்கள்
கிளாரி


கோல சிலாங்கூர்
14 ஜூலை 2024

கிளாரி மகளுக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தடவை ஆரம்பித்துக் கிழித்துவிட்டேன். டிரைவிங் வாத்தியார் பக்கத்தில் பிரேக் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் எல்லாப் பிள்ளைகளையும் வண்டி எடுக்கவிடுகிறேன். என் பேனாவுக்கு அந்த மாதிரி ஒரு பிரேக் வைத்திருக்க வேண்டும்.

ஜன்னல் பிள்ளைகள் கிடையாது. நான் கட்டிவிட்டது. 'அபானாக்' என்று நீ எழுதியதை மலாயில் படித்தேன், கதை தானாக வந்தது. வாளித் தாளமும் கட்டிவிட்டது. பெரட்டுக் களம், லோரி, மூன்று பாகம் எல்லாம் பொய். வெள்ளம் மட்டும் உண்மை, ஆனால் அதில் போனது நம் வீட்டு மெத்தை.

முகாமில் இறந்துபோன ஒரு மனிதர். அவருக்காக மகன் எழுதிய பாட்டு. அதன் தலையில் நான் ஒரு காப்பிக்கடை சிரிப்பை ஏற்றிவிட்டேன். உன் பேராசிரியர் குரல் கம்மியது என்று நீ எழுதிய வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பூசைக்குப் போனால் சாமியாரைப் பார்க்க முடியவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "யாரிடம் பொய் சொன்னீர்களோ அவரிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றார். அவருக்கென்ன, சுலபமாகச் சொல்லிவிட்டார்.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். நீ என்னிடம் எதுவுமே கேட்டதில்லை, கிளாரி. உடுப்பு, பீஸ், புத்தகம் எல்லாம் அம்மா வழியாகத்தான் வரும். முதன்முதலாக நேராக என்னிடம் ஒன்று கேட்டாய். என் கையில் இருந்தது ஒரு காலைநேரத்துச் சின்ன ஞாபகம், அதை முதல் கடிதத்திலேயே கொடுத்துவிட்டேன். இரண்டாம் கடிதத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்று எழுதினால் நீ நன்றி சொல்லி முடித்துவிடுவாயே என்று பயந்தேன்.

ஆனால் அந்த முதல் ஞாபகம் சத்தியம். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அந்த மனிதர் ஒரு சத்தத்தைக் கேட்ட விதத்தை நான் மறக்கவே இல்லை. உனக்கு ஆறு வயதானபோது உன்னை அந்த மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பியானோ முன் உட்கார வைத்தேனே, அது ஏன் என்று நினைக்கிறாய்? என் மகளும் அப்படிக் கேட்க வேண்டும் என்றுதான். ஏர்போர்ட்டில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதற்கு முன்னால் செய்தது இதுதான்.

உன் பேராசிரியரிடம் நான் சொன்னதாகவே சொல். கையெழுத்துப் போட்டு ஒரு தாள் இதனுடன் வைத்திருக்கிறேன்.

உன் அப்பா
ஆர்தர்


புடாபெஸ்ட்
10 ஆகஸ்ட் 2024

அப்பா,

தாள் கிடைத்தது. பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "உன் அப்பா நல்ல எழுத்தாளர்" என்று மட்டும் சொன்னார். அவர் முன்னால் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத விருப்பமில்லை.

ஜன்னல், வாளி, லோரி எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். ஒன்பது அடிக்குறிப்பில் இப்போது ஒன்றுதான் மிச்சம். 1976. அது நின்றால் அத்தியாயம் நிற்கும். அது விழுந்தால் மாநாட்டிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

உங்கள் வாயிலிருந்து வராத ஒன்று எனக்கு வேண்டும். ஒரு கல், ஒரு பதிவு, வேறு ஓர் ஆள், எதுவாக இருந்தாலும் சரி. கிடைத்தால் எழுதுங்கள். கிடைக்கவில்லை என்றால் எழுத வேண்டாம்.

கிளாரிஸ்ஸா


கோல சிலாங்கூர்
3 நவம்பர் 2024

கிளாரிஸ்ஸாவுக்கு,

கிடைத்தது. அதனால் எழுதுகிறேன். உன் மாநாடு முடிந்திருக்கும். நீ விலகிக்கொண்டாய் என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு என் தட்டில் சோறு போடாமல் போய்விட்டாள். நானே போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்டிலிருந்து அலைந்தேன். கோயில் பதிவேட்டில் அவர் இல்லை. பத்தாங் காலி வரை போய்ப் பழைய ஆட்களைப் பிடித்தேன். எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். நான் ஏதாவது சொன்னால் அதையே திருப்பிச் சொல்லத் தயாராக இருந்தார்கள். நம் ஊரில் பொய்சாட்சி எவ்வளவு மரியாதையாகக் கிடைக்கிறது என்பதை அப்போதுதான் கண்டேன். ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று கல்லறைத் திருநாள். செம்பனை மரங்களுக்குள் ஒரு பழைய ரப்பர் தோட்டத்துக் கல்லறை இருக்கிறது. தோட்டம் மூடிய பிறகு புக்கிட் செந்தோசாவுக்குக் குடிபோன சனங்கள் வருடத்தில் இந்த ஒரு நாள் வந்து புல்லை வெட்டி மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நானும் போனேன். நல்லம்மாள் என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தன் வீட்டுக் கல்லறைகளை முடித்துவிட்டு, ஓரத்தில் இருந்த ஒரு கல்லுக்கும் மெழுகுவர்த்தி வைத்தார். தமிழ்க் கல். "வ. எமில். ஊர் அங்கேரி."

கிட்டே போய் நின்றேன்.

"இது யாரும்மா?"

"தெரியாதுங்க. நம்ம ஆளுதான். யாரும் வர்றதில்ல, அதான் நாங்க ஒன்னு ஏத்திடுவோம். தொர பங்களாவுல பொட்டி வாசிச்சவருன்னு எங்கப்பா சொல்வாரு."

"அங்கேரின்னா?"

"சேலம் பக்கம் ஏதோ ஊரு. ஏரிக்கரை ஊரா இருக்கும்."

குடும்பப் பெயர் முன்னால் வரும், இனிஷியல் மாதிரி என்று நீதானே எழுதினாய். தோட்டத்துக் கணக்குக் கிராணி அதை உண்மையான இனிஷியலாகவே எடுத்துக்கொண்டார். வடாஸ் மகன் எமில். கல் கொத்தியவன் ஹங்கேரியின் 'ஹ'வை 'அ' ஆக்கிவிட்டான். அவ்வளவுதான், உன் மனிதர் சேலத்துக்காரராகிவிட்டார். நீ வெள்ளைக்காரர் கல்லறைகளில் எல்லாம் தேடினாய். அவர் நம் சனங்களோடு படுத்திருக்கிறார். ஒவ்வொரு வருடமும் அவருக்கு மெழுகுவர்த்தி எரிந்திருக்கிறது.

போனில் படம் எடுத்தேன். பிறகு காரில் போய் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். நல்லம்மாளின் மெழுகுவர்த்தி கல்லின் கடைசி வரியை மறைத்திருந்தது. நான்தான் அப்படி நின்று எடுத்திருக்கிறேன். கை தானாகச் செய்ததா, நான் செய்ததா என்று என்னைக் கேட்காதே. அப்படியே அனுப்பியிருக்கலாம், நீ சந்தோஷப்பட்டிருப்பாய். நல்லம்மாள் குடும்பம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் வரை காரிலேயே இருந்தேன். பிறகு இறங்கிப் போய், மெழுகுவர்த்தியை ஒரு ஓரமாகத் தள்ளி வைத்து மறுபடியும் எடுத்தேன். இரண்டு படமும் பிரிண்ட் போட்டு இதில் வைத்திருக்கிறேன். இரண்டாவதை உன் பேராசிரியரிடம் கொடு.

கடைசி வரி: "இறப்பு 1963."

அந்த ஒற்றை அடிக்குறிப்பையும் எடுத்துவிடு மகளே. எனக்காக எதையும் வைக்காதே.

நேற்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அப்பாதானே அந்தக் காலத்து உபதேசியார், என்னை விரட்டியவர். "அப்படின்னா மண்டபத்துல நான் பாத்தது யாரு?" என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரக்கூட இல்லை.

"அவரா? மலாக்கா செரானி. போர்த்துக்கீசிய வம்சம், அதான் அந்தக் கலரு. பியானோவுக்குள்ள கரையான் அரிக்குதான்னு காது வெச்சிக் கேட்டுட்டு, மருந்து அடிச்சிட்டுப் போனாரு."

அப்பா